மகுடஞ்சாவடி, மூன்று முறை

காவலர் முதலில் கேட்டது, "பின்னால் வந்த வண்டி யாருடையது?" என்றுதான்.

அக்டோபர் மாதம், மாலை ஐந்தரை மணி. சேலத்திலிருந்து கருப்பூரைத் தாண்டி ஓமலூர் போகும் நான்குவழிச் சாலை. மழை விட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. ஒரு வெள்ளைக் காரின் பின்கதவு உள்ளே ஒடுங்கியிருந்தது. என் வண்டியின் முன்பக்க பம்பர் பாதி கழன்று தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. யாருக்கும் அடி இல்லை.

என் தரப்பில் சொல்ல நிறைய இருந்தது. நடுத்திட்டிலிருந்து மாடு இறங்கியது. அவர் திடீரென்று பிரேக் போட்டார். சாலை ஈரம். எனக்குப் பின்னால் வந்தவரும் நெருக்கிக்கொண்டே வந்தார். எல்லாம் உண்மை. காவலர் எதையும் மறுக்கவில்லை. "எவ்வளவு தூரம் விட்டு வந்தீர்கள் அம்மா?" என்று மட்டும் கேட்டார். "இரண்டு கார் நீளம் இருக்கும் சார்" என்றேன், நல்ல பிள்ளையாக. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் நோட்டில் எதையோ எழுதினார்.

என் வண்டிக்கு மட்டும் 23,400 ரூபாய் ஆனது. மூன்று ஆண்டுகள் இன்சூரன்ஸில் எதுவும் கேட்காமல் இருந்ததற்காக, சொந்தச் சேதப் பிரீமியத்தில் 35 சதவீதம் தள்ளுபடி சேர்த்து வைத்திருந்தேன். அந்த ஒரு மாலையில் அது பூஜ்யமானது. நான் வங்கியில் வேலை பார்ப்பவள். எனக்கு வலிக்க வேண்டிய இடத்தில் சரியாக வலித்தது.

செய்தி கேட்டு மறுநாளே சங்ககிரியிலிருந்து பெரியப்பா வந்துவிட்டார். 31 ஆண்டுகள் லாரி ஓட்டியவர். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். காபியைக் குடித்துவிட்டு விசாரணையைத் தொடங்கினார்.

"எத்தனையில் போனாய் கண்ணு?"

"எழுபது இருக்கும்."

"முன்னால் போனவன்?"

"அவரும் எழுபதுதான் பெரியப்பா."

"அவன் மாட்டைப் பார்த்து மிதித்தான். நீ எதைப் பார்த்து மிதித்தாய்?"

"அவருடைய பிரேக் விளக்கை."

"அங்கேதான் இடிக்கிறது. மாடு அவனுக்குத் தெரிந்தது. உனக்கு அவன் சொல்லித்தான் தெரியும். அவன் சொல்லி, உன் கண் பார்த்து, மண்டைக்குப் போய், கால் எழும்பி பிரேக்கில் இறங்கும் வரைக்கும் உன் வண்டி காத்துக்கொண்டு நிற்குமா?"

அன்றிரவு கால்குலேட்டரை எடுத்து உட்கார்ந்தேன். மணிக்கு 70 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 19 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். விழிப்பாக இருக்கும் ஆளுக்கே கண்ணிலிருந்து கால் வரை செய்தி போய்ச் சேர ஒரு நொடி ஆகிறது. வேலை முடிந்து களைத்து வரும் மாலையில் ஒன்றரை நொடியும் ஆகலாம். அந்த நேரம் முழுவதும் வண்டி அதே எழுபதில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதாவது 19 முதல் 29 மீட்டர் வரை. நான் விட்டிருந்த இரண்டு கார் நீளம் சுமார் 8 மீட்டர்.

முன்னால் போனவரும் மிதித்த இடத்திலேயே நின்றுவிடவில்லை. எழுபதில் போகும் கார் காய்ந்த சாலையில் நிற்க 30 மீட்டரை நெருங்கும். ஈரத்தில் 40. அவருக்கும் அதே, எனக்கும் அதே. இரண்டையும் அடித்துவிட்டால் மிஞ்சுவது என் தாமதம் மட்டும். செலவு 19, கையிருப்பு 8. எங்கள் வங்கியில் இப்படி ஒரு காசோலை வந்தால் பணமில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவோம்.

அதுவும் இரண்டு வண்டிக்கும் ஒரே பிரேக், ஒரே டயர் என்று வைத்துப் போட்ட கணக்கு. அவருடைய வண்டி புதியது. என் டயர்கள் 45,000 கிலோமீட்டர் ஓடித் தேய்ந்தவை. அவர் மாட்டையோ வேறு வண்டியையோ மோதி அதே இடத்தில் நின்றிருந்தால், கழித்துக்கொள்ள அந்த முப்பது மீட்டரும் எனக்குக் கிடைத்திருக்காது. இன்னொன்றும் அன்றுதான் உறைத்தது. வேகம் இரு மடங்கானால் பிரேக் போட்டு நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது. பள்ளியில் படித்ததுதான். பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டேன்.

திடீரென்று மிதித்தவர்மேல் தவறே இல்லையா என்ற ஆதங்கம் மட்டும் வெகுநாள் போகவில்லை. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. 2017இல் கோவையில் நடந்த விபத்து. நெடுஞ்சாலையில் ஒரு கார் திடீரென்று நின்றது. பின்னால் பைக்கில் வந்த மாணவர் அதில் மோதி விழுந்தார். அவருக்குப் பின்னால் வந்த பஸ் அவர்மேல் ஏறியது. ஒரு காலை இழந்தார். முன்னறிவிப்பில்லாமல் நிறுத்திய கார்க்காரருக்கு 50 சதவீதம், பஸ்ஸுக்கு 30, போதிய இடைவெளி விடாத மாணவருக்கு 20 என்று பொறுப்பைப் பிரித்தது நீதிமன்றம். என் ஆதங்கத்துக்கு நியாயம் கிடைத்ததுபோல் முதலில் இருந்தது. இரண்டாம் முறை படித்தபோது அந்த மாணவரின் கால் மட்டுமே நினைவில் நின்றது.

சட்டமும் இதற்கு மீட்டர் கணக்கு எதுவும் தருவதில்லை. முன்னால் போகும் வண்டி திடீரென்று நின்றாலும் பத்திரமாக நிற்கும் அளவுக்குப் போதிய தூரம் விட வேண்டும் என்கிறது, அவ்வளவுதான். அந்தப் போதியதை எப்படி அளப்பது? கொலுசைக் கையில் ஏந்திப் பார்த்தே எடை சொல்லிவிடும் சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரியிடம்கூட, முன்னால் போகும் கார் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று கேட்டால் தடுமாறுவார். மீட்டரை விட்டுவிட்டு நொடியை எண்ண வேண்டும் என்றார் பெரியப்பா. முன்னால் போகும் வண்டியின் பின்பக்கம் ஒரு கம்பத்தையோ புளியமர நிழலையோ தாண்டும்போது எண்ணத் தொடங்கு. உன் வண்டியின் மூக்கு அதே இடத்துக்கு வரும்போது நிறுத்து. மூன்று நொடிக்குக் குறைந்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடு.

"ஒன்று, இரண்டு என்று எண்ணாதே. அவசரத்தில் நாமே நம்மை ஏமாற்றி வேகமாக எண்ணிவிடுவோம். ஊர்ப் பெயரைச் சொல்லு."

"எந்த ஊர் பெரியப்பா?"

"மகுடஞ்சாவடி."

சங்ககிரியிலிருந்து சேலம் வரும் வழியில் இருக்கும் ஊர். அவர் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் முறை கடந்திருப்பாரோ. கைப்பேசியில் நேரம் வைத்துச் சோதித்துப் பார்த்தேன். நிதானமாகப் பத்து முறை சொல்லப் பத்தரை நொடி ஆனது. ஒரு மகுடஞ்சாவடி, ஒரு நொடி. வெயில் நாளில் மூன்று. இரவில் நான்கு. மழையிலும், முன்னால் பார்க்க முடியாதபடி மறைக்கும் பஸ், லாரிக்குப் பின்னாலும் ஐந்து. வேகம் எதுவானாலும் இதே எண்ணிக்கைதான். எண்பதில் போனால் மூன்று மகுடஞ்சாவடிக்குள் 66 மீட்டர் தானாக வந்துவிடும், நாற்பதில் அதில் பாதி.

முதன்முதலாக அந்த 66 மீட்டரைச் சாலையில் கண்டபோது கூச்சமாக இருந்தது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் யாரும் உட்காராமல் தனியாகச் சாப்பிடுவதுபோல. ஆனால் இரண்டு வாரத்தில் ஒரு மாறுதல் தெரிந்தது. முன்பெல்லாம் என் கண் முன்வண்டியின் சிவப்பு விளக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பின்வாங்கிய பிறகு அந்த வண்டிக்கு முன்னால் போகும் மூன்று வண்டிகளும், சாலையோரம் கடக்க நிற்கும் பாட்டியும், விளக்கே இல்லாமல் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிப்போகும் டிராக்டரும் கண்ணில் பட்டன. மாடும் இப்போது எனக்கே நேராகத் தெரியும். இன்னொருவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

"இதெல்லாம் நடக்கிற காரியமா, இடம் விட்டால் எவனாவது புகுந்துவிடுவான்" என்று அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாள் அஸ்தம்பட்டியிலிருந்து கருப்பூர் வரை, 2020இல் திறந்த ஈரடுக்கு மேம்பாலம் வழியாகப் போகும்போது, என் இடைவெளிக்குள் புகுந்தவர்களை எண்ணிக்கொண்டே போனேன். 14 பேர். ஒவ்வொருவர் புகும்போதும் காலைச் சற்றே எடுத்து மறுபடி மூன்று நொடி விட்டேன். ஆளுக்கு மூன்று நொடி என்று வைத்தாலும் மொத்த நஷ்டம் 42 நொடி. தட்டுவடை செட் ஒன்று கட்டி வாங்குவதற்கே அதைவிட நேரமாகும். அந்தப் பதினான்கில் ஆறு பேர் அடுத்த சிக்னலில் எனக்குப் பக்கத்திலேயே நின்றார்கள்.

ஊருக்குள் இருபது முப்பதில் ஊரும்போது மூன்று நொடி முடியாது, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு விடுகிறேன். ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் மட்டும் கூடுதலாக. கையை நீட்டும் பயணியைக் கண்டால் அது எங்கே நிற்கும் என்று ஓட்டுபவருக்கே முன்கூட்டித் தெரியாது. சிக்னலில் நிற்கும்போது முன்வண்டியின் பின் டயர்கள் தரையைத் தொடும் இடம் என் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று வைத்திருக்கிறேன். அது தெரிந்தால், முன்வண்டி பழுதாகி நின்றுவிட்டாலும் பின்னோக்கி எடுக்காமலே வளைத்து வெளியே வந்துவிடலாம்.

இந்தப் பாடத்தின் அருமை மலையில்தான் தெரிந்தது. விபத்து நடந்து எட்டு மாதத்தில் என்னை ஏற்காடு கிளைக்கு மாற்றினார்கள். வாரத்தில் ஐந்து நாள் ஏறி இறங்க வேண்டும். கோரிமேடு, கொண்டப்பநாயக்கன்பட்டி, அடிவாரம், பிறகு 20 கொண்டை ஊசி வளைவுகள். தூரம் முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் நெடுஞ்சாலையில் கற்ற கணக்கு அங்கே போனதும் தலைகீழானது.

ஏற்றத்திலும் இடைவெளி வேண்டும் என்று எந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஏற்றத்தில் வேகம் குறைவு, காலை எடுத்தாலே வண்டி நின்றுவிடும், பிறகு என்ன பயம்? கோடை விழா சமயம், மே மாதத்து ஞாயிறு. வெளியூரிலிருந்து வந்த உறவுக்காரர்களை ஏற்றிக்கொண்டு போனேன். 60 அடி பாலத்தைத் தாண்டி நெரிசல். வளைவின் செங்குத்தான இடத்தில் வரிசை நின்றது. எனக்கு முன்னால் ஒரு கார், கூரையில் பெட்டிகள் கட்டி, உள்ளே ஏழு பேர். பழக்க தோஷத்தில் டயர் தெரியும்படி நின்று, மலைக்காக இன்னும் ஒரு கார் நீளம் சேர்த்து விட்டிருந்தேன். "ஏன் இவ்வளவு தள்ளி நிற்கிறாய்?" என்று பின்னிருக்கையிலிருந்து சித்தி கேட்டார்.

வரிசை நகர்ந்தது. முன்கார் நகரவில்லை. எஞ்சின் ஒரு முறை உறுமி அணைந்தது. பிறகு அந்தக் கார் மெதுவாகப் பின்னால் உருளத் தொடங்கியது. ஹாரனை அழுத்தினேன். அது உருண்டுகொண்டே வந்தது. பின்னால் நகரலாம் என்று கண்ணாடியைப் பார்த்தால், எனக்குப் பின்னால் ஒருவர் முகம் தெரியும் அளவுக்கு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தேன். என் பம்பருக்கு ஒரு சாண் இருக்கும்போது முன்கார் நின்றது. ஓட்டியது இருபது வயதுப் பையன். இறங்கி வந்து, "மன்னித்துவிடுங்கள் அக்கா, கிளட்ச் ஏமாற்றிவிட்டது" என்றான். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்துக்கொள், கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விடு, வண்டியின் மூக்கு லேசாக எழும்போது ஹேண்ட் பிரேக்கை இறக்கு என்று அங்கேயே சொல்லிக்கொடுத்தேன். ஓமலூர் சாலையில் மாட்டுக்காக நின்ற காரை இடித்தவள் நான் என்று அவனுக்குத் தெரியாது.

சித்தி அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

ஏற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் போவதென்றால் இன்னும் தள்ளிப் போகிறேன். கொண்டை ஊசியில் பஸ் சாலை முழுவதையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும். எதிரில் இன்னொரு பஸ் இறங்கி வந்தால் இரண்டில் ஒன்று பின்னால் எடுக்க வேண்டியிருக்கும். அப்போது அதன் பின்னால் ஒட்டி நிற்கும் கார்தான் எல்லோருக்கும் முட்டுக்கட்டை. நான் வளைவுக்குள் நுழையாமல் கீழேயே நின்று, பஸ் திரும்பி முடித்ததும் ஏறுகிறேன். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. விதி தெரியாதவர்களும் சுற்றுலா வருவார்கள் என்பதால் அதை நம்பி வளைவுக்குள் மூக்கை நீட்டுவதில்லை.

இறக்கம் வேறு கதை. சரிவு வண்டியை முன்னால் தள்ளுகிறது, அதனால் அதே வேகத்திலும் நிற்கும் தூரம் கூடுகிறது. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று பெரியப்பா சொன்னதை முதல் வாரம் நான் மதிக்கவில்லை. மூன்றாவது கியரில், பிரேக்கை மிதித்தபடியே வந்தேன். பாதி வழியில் கருகிய வாடை. முன்னால் போகும் லாரியின் வாடை என்று திட்டிக்கொண்டே வந்தேன். முன்னால் லாரி எதுவும் இல்லை. பிரேக் சூடேறினால் பிடிப்பு குறையும், மிதி ஆழமாகப் போகும். ஓரத்தில் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, ஆற விட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. இப்போது இரண்டாவது கியரில் இறங்குகிறேன், எஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கிறது. பிரேக்கை விட்டுவிட்டுத்தான் தொட வேண்டியிருக்கிறது. ஆனால் முன்வண்டியை நெருங்கிப் போனால் இதெல்லாம் பலிக்காது. அவர் விளக்கு எரியும்போதெல்லாம் நானும் மிதிக்க வேண்டிவரும். பிரேக் ஆறுவதற்கே இடைவெளி வேண்டும்.

பிறகு குரங்குகள். குரங்கு குறுக்கே வருவதைவிட, குரங்கைக் கண்டதும் நடுவளைவில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி வாழைப்பழம் நீட்டும் மனிதர்கள்தான் ஆபத்து. எவ்வளவு எழுதி வைத்தாலும் நிறுத்துகிறார்கள். கொய்யா, பலா விற்கும் கடைகளும், சேலம் முழுவதும் தெரியும் திருப்பங்களும் அப்படித்தான். வெளியூர் எண் கொண்ட வண்டிக்குப் பின்னால் நான் ஒரு மகுடஞ்சாவடியைக் கூட்டிக்கொள்கிறேன். கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது, அவர்கள் மலையைப் பார்க்க வந்தவர்கள்.

மூடுபனியில்தான் மனம் அதிகம் ஏமாற்றுகிறது. மழைக்காலத்தில் சில மாலைகளில் பத்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. முன்னால் ஒரு சிவப்பு விளக்கு தெரிந்தால் தெய்வமே வழிகாட்டுவதுபோல் இருக்கும், அதை விடாமல் ஒட்டிக்கொள்ளத் தோன்றும். அவர் எங்கே போகிறார் என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அவர் வெள்ளைக் கோட்டைத் தவறவிட்டால் நானும் பின்னாலேயே போவேன். அப்படிப்பட்ட மாலைகளில் விளக்கைத் தாழ்த்தி, இடது ஓரக் கோட்டைப் பார்த்து, எனக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகத்தில் மட்டும் வருகிறேன். வீட்டுக்கு வர ஒன்பது மணி ஆனதும் உண்டு.

என் பின்னால் ஒட்டி வருபவரை என்ன செய்வது என்று பெரியப்பாவிடம் கேட்டேன். "உன் முன்னால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள். அவன் விடாத இடத்தையும் நீயே சேர்த்து விடு" என்றார். அப்போதுதான் நாம் பதற்றமில்லாமல் மெல்ல மிதிக்க முடியும், பின்னால் இருப்பவருக்கும் நேரம் கிடைக்கும். அவருக்குப் பாடம் கற்பிப்பதற்காகப் பிரேக் விளக்கைக் காட்டி மிரட்டுவது எனக்கும் ஒரு காலத்தில் பிடித்தமான வேலைதான். விட்டுவிட்டேன். இடம் கிடைத்ததும் ஒதுங்கி, போகச் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாகக் கற்றதுதான் என்னை அதிகம் வெட்கப்பட வைத்தது. தருமபுரியில் ஒரு கல்யாணம் முடிந்து பெரியப்பாவுடன் திரும்பிக்கொண்டிருந்தேன். தொப்பூர் கணவாய் இறக்கம். 2020 டிசம்பரில் சிமெண்ட் ஏற்றி வந்த லாரி ஒன்று, நெரிசலில் நின்ற கார்கள்மேல் வரிசையாக மோதி நான்கு பேர் இறந்தது அந்தப் பகுதியில்தான். என் பாதையில் ஒரு கார் மெதுவாகப் போனது. பக்கத்துப் பாதையில் பாரம் ஏற்றிய லாரிக்கு முன்னால் நல்ல இடம் காலியாக இருந்தது. விளக்கைப் போட்டு அதில் புகுந்தேன்.

பெரியப்பா திரும்பிக் கண்ணாடி வழியாக லாரியைப் பார்த்தார். "அந்த ஓட்டுநர் இந்த இடத்தை உனக்காகவா விட்டான்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். காரின் பிரேக் மிதித்ததும் பிடிக்கிறது. லாரியில் பிரேக்கை இயக்கும் காற்று குழாய்களில் ஓடிச் சக்கரத்தைச் சேர வேண்டும், அதற்கே கொஞ்சம் நேரம் போகிறது. பாரம் வேறு. இறக்கத்தில் பிரேக் டிரம் ஏற்கெனவே சூடேறியிருக்கும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு வருபவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு எஞ்சினின் பிடிப்பும் இல்லை. எஞ்சினையே அணைத்துவிட்டால் காருக்குக்கூட இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். ஒழுங்காக ஓட்டும் ஒருவர் இதையெல்லாம் எண்ணி அறுபது எழுபது மீட்டர் விட்டுக்கொண்டு வருகிறார். நான் அதன் நடுவில் போய் உட்கார்ந்து, அவர் இடைவெளியை ஒரே நொடியில் பாதியாக்கிவிட்டேன். "நீ புகுந்தாய், அவன் மறுபடி பிரேக் மிதித்தான். உனக்குப் பின்னால் இன்னொருவன் புகுந்திருந்தால் மறுபடி மிதித்திருப்பான். இரட்டைப் பாலம் வருவதற்குள் அவனிடம் என்ன பிரேக் மிச்சம் இருக்கும்?"

மேம்பாலத்தில் 14 பேரை எண்ணினேனே, அதே காரியத்தை இவ்வளவு நாள் நானும் லாரிகளிடம் செய்துகொண்டிருந்தேன். மெல்ல வேகம் கூட்டி, அந்த லாரியை விட்டு வெகுதூரம் முன்னால் வந்த பிறகுதான் மூச்சு வந்தது. தொப்பூரில் இப்போது முன்னால் எண்ணும் அதே எண்ணிக்கையைக் கண்ணாடியில் பின்னாலும் எண்ணுகிறேன். பாரவண்டி நெருங்கி வந்தால் பாதை மாறி வழிவிடுகிறேன். தொலைவில் நெரிசல் தெரிந்தால் வெகு முன்பாகவே நான்கு பக்க விளக்கையும் சிமிட்டவிட்டு, இடப்பக்கம் வெளியேற இடம் வைத்து நிற்கிறேன்.

போன மாதம் மகனுக்குப் பழகுநர் உரிமம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை கோரிமேட்டிலிருந்து அடிவாரம் வரை அவனை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முன்னால் ஒரு டவுன் பஸ். எண்ணு என்றேன். அவன் மகுடஞ்சாவடி மகுடஞ்சாவடி மகுடஞ்சாவடி என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்து, "மூன்று ஆகிவிட்டது அம்மா" என்றான். பஸ்ஸின் பின்னால் எழுதியிருந்த பதிவு எண்ணை என்னால் கண்ணாடி போடாமலே படிக்க முடிந்தது. அடுத்த வாரம் பெரியப்பாவை வரச் சொல்லியிருக்கிறேன்.